நாடாவில் இழுத்த மூச்சு

சங்கரன்கோவில்
19.1.2025

மகள் பொன்மணி வாசிக்க, அப்பா மூக்காண்டி தன் கையால் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி செல்வக்குமார், அவன் வீட்டுக்காரி எல்லாரும் சோற்றுக்கும் சுகத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம். பல்லடத்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கோமதியும் அப்படியே இருக்க வேண்டும்.

‘தன் கையால்’ என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தடவை வாசி. ஆமாம், நான்தான். செல்வம் எழுதித் தரவில்லை. ஐப்பசியில் இருந்து நம்ம தெருப் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். அத்தனை பொம்பிளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. பக்கத்தில் உட்காரும் மைமூனம்மாள் என் சிலேட்டை எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, உங்க எழுத்து என்ன எல்லாம் இடுப்புப் பிடிச்ச மாதிரி நிக்கி?” என்று கேட்டாள். “எழுதுனவனுக்கே பிடிச்சிருக்கு, எழுத்துக்குப் பிடிக்காதா?” என்றேன். டீச்சரே சிரித்துவிட்டாள். போன வாரம் ஒரு பஸ்ஸில் புளியங்குடி என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். இத்தனை காலம் பஸ்ஸின் கலரைப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் ஏறிவிடலாமா என்று இருந்தது.

இப்போது ஏன் கடிதம் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். பொங்கலன்றைக்கு நீ போன் பேசினாய். “சாப்பிட்டீங்களாப்பா” என்றாய். “சாப்பிட்டேன் மக்கா” என்று சொல்வதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. நீ அந்தப் பக்கம் அழுதாய் போல. மூச்சு வாங்கியது கேட்டது. போன் கட்டாகிவிட்டது. பேசினால் எனக்கு மூச்சு இளைக்கிறது, பொன்மணி. எழுதினால் இளைக்கவில்லை. இதை முன்னாடியே யாரும் சொல்லவில்லையே.

ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் ஷிரின் பானு என்று ஒரு பிள்ளை வருகிறது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறது. “தாத்தா, இருக்கிற மூச்ச வச்சு என்ன செய்யணும்னு ஆசைப்படுதீங்க? சின்னதா ஒண்ணு, நடுத்தரமா ஒண்ணு, பெருசா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டது. “என்னத்தம்மா ஆச, சாவப் போற வயசுல” என்றேன். “அதெல்லாம் கெடயாது. ஆச சொன்னாத்தான் பயிற்சி” என்று பிடிவாதம். சின்னது, என் மகளுக்கு நானே கடிதம் எழுதணும் என்றேன். நடுத்தரம், ஆடித்தபசுக்குக் கொடி ஏறினதும் ஒரே ஒரு ஆடிச்சுற்று. நூற்றியெட்டு வேண்டாம், கோவிலை ஒரு தடவை என் காலால் சுற்றி வரணும். பெரியது மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

சின்னது முடிந்துவிட்டது, பார்த்தாயா. வியாழக்கிழமை தொடங்கின கடிதம் இது.

கைவலியோடும் சந்தோஷத்தோடும்,
அப்பா

*

பல்லடம்
3.2.2025

அப்பாவுக்கு மகள் பொன்மணியின் வணக்கம். நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கவரைக் கொடுத்த தபால்காரர், “யாரும்மா இந்தக் காலத்துல கைப்பட எழுதறது?” என்று கேட்டார். எங்க அப்பா என்றேன். நீங்கள் எழுதினது என்று கோமதி முதலில் நம்பவில்லை. பிறகு வாங்கி வாங்கிப் பார்த்தாள். அவள் பரீட்சைக்குப் படிக்கிற மேசையில் வைத்திருக்கிறாள்.

நானும் இனிமேல் கடிதமே எழுதுகிறேன் அப்பா. போன் வேண்டாம். நீங்கள் பேசி இளைக்க வேண்டாம்.

சில விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வாயில் மருந்துப் பம்பு அடித்தவுடன் வாயைக் கொப்புளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கு வெள்ளை பூத்துப் புண்ணாகும். சாப்பிடும்போது பேசாதீர்கள். குனிந்து செருப்பு மாட்டாதீர்கள். அப்போதுதான் நெஞ்சு சட்டென்று அடைக்கும். உட்கார்ந்து, காலைத் தூக்கி மாட்டுங்கள்.

உங்கள் கட்டில் இன்னும் தறிக்குப் பக்கத்து நடையில்தான் கிடக்கிறதா? தம்பியிடம் சொல்லிப் பின்கட்டுக்கு மாற்றுங்கள். நாலு தறித் தூசியையும் நீங்கள்தான் தின்கிறீர்கள்.

பெரிய ஆசையை யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் பாதம் தொட்டு,
பொன்மணி

*

சங்கரன்கோவில்
18.2.2025

என் பொன்மணிக்கு, கடிதம் கண்டு பூரித்துப்போன அப்பா. வீட்டில் எல்லாரும் சுகம். மாப்பிள்ளைக்கு வேலை எப்படி? கோமதி ராத்திரியில் ரொம்ப நேரம் கண் விழிக்க வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். உதட்டை மட்டும் அசைத்து வாசித்தேன், சத்தம் போட்டால் இளைக்கும். ஒரு நாள் முழுக்க ஆனது. செல்வம் பிடுங்கி, “கொடுப்பா, நான் ஒரு நிமிசத்துல வாசிச்சுக் காட்டுதேன்” என்றான். “ஏலே, நீ ஒரு நிமிசத்துல வாசிச்சா அது ஒரு நிமிசத்துக் கடிதம்லே. எனக்கு ஒரு நாள் வேணும்” என்று வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னபடி வாயைக் கொப்புளிக்கிறேன். செருப்பு விஷயம் அச்சு அசல் உண்மை! ஷிரின் பானுவிடம் சொன்னேன். “கொப்புளிக்கணும்னு யாரு தாத்தா சொன்னா? நான் சொல்ல விட்டுட்டேனே” என்றது. என் மகள் என்றேன். “அவங்க நர்ஸா?” “நர்ஸாவது ஒண்ணாவது. தறிக்காரன் மகள், தறிக்காரி” என்றேன். அந்தப் பிள்ளை உன் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டது. எனக்கு உன்னை நினைத்துப் பெருமை.

அது ஒரு டப்பா கொடுத்திருக்கிறது. உள்ளே மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டுமாம். எனக்கு ஒரு பந்துகூட அசையவில்லை. கோழி முட்டை மாதிரி உட்கார்ந்தே இருக்கிறது. வெறுத்துப்போய்த் தூக்கிப் பரணில் வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன். தறியில் குறுக்கே ஓடி நூல் பாய்ச்சின என் பழைய மர நாடா ஒன்று கிடந்தது. அதில் நூல் சுற்றின தாரை மாட்டி, நாடாக் கண் ஓட்டையில் வாயை வைத்து நூலை வெளியே உறிஞ்சுகிறேன். அந்தக் காலத்தில் ஒரே இழுப்பில் நூல் பல்லுக்கு வரும். இப்போது நாலைந்து இழுப்பு ஆகிறது. ஆனாலும் வருகிறது! பந்து மாதிரி ஏமாற்றவில்லை. ஒரே இழுப்பில் வரவைத்துவிட்டால் ஆடிச்சுற்று நடந்துவிடுவேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு முன்பல் விழுந்திருந்த சமயம். பல் இல்லாத சந்தில் நாடாவை வைத்து நீ இழுத்தால் நூல் விர்ரென்று வரும். பட்டறையில் எல்லாரும் தங்கள் நாடாவை உன்னிடம்தான் நீட்டுவார்கள்.

நீ இப்போதும் தறிக்குப் போகிறாயா? எழுது.

அன்போடும் அரைகுறை மூச்சோடும்,
அப்பா

*

பல்லடம்
20.3.2025

அப்பாவுக்கு வணக்கம். எல்லாரும் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோமதிக்குப் பரீட்சை நெருங்குகிறது.

மாப்பிள்ளை வேலை பரவாயில்லை. கோமதி இனி கண் விழிக்க மாட்டாள். இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

அப்பா, அந்த நாடாவை வாயில் வைக்காதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன். பந்து ஏறாவிட்டால் போகட்டும், அந்த டப்பாவிலேயே இழுங்கள். அதில் வருவது வெறும் காற்று. நாடாவில் வருவது காற்று இல்லை.

நடக்கும்போது ஒரு கரண்டுக் கம்பம் மட்டும் பாருங்கள். அடுத்ததைப் பார்க்காதீர்கள், பயம் வந்து அதிலேயே மூச்சுப் போய்விடும். மூச்சு முட்டினால் கீழே உட்காராதீர்கள், எழுந்திருக்க முடியாது. சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள். யாராவது “என்னாச்சு” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், கையை மட்டும் காட்டுங்கள்.

நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி போதும்.

பொன்மணி

*

சங்கரன்கோவில்
2.4.2025

பொன்மணிக்கு அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன், அதாவது உட்கார்ந்திருக்கும்வரை நலம். உங்கள் மூன்று பேரையும் கோமதி அம்மன் காக்கட்டும்.

மக்கா, கோபப்படாதே. நல்ல செய்தி. நேற்று ஒரே இழுப்பில் நூல் வந்துவிட்டது! செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எப்பா, நீ என்ன சின்னப் பிள்ளையா?” என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். அவன் கிடக்கிறான். எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது.

இடையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மூக்கில் குழாய் மாட்டிக் காற்றுக் கொடுத்தார்கள். உதடு நீலமாகிவிட்டதாம். எனக்கு என்ன தெரியும், என் உதட்டை நான் பார்க்கவா முடியும்? பயப்படாதே. வந்துவிட்டேன். ஷிரின் பானு டப்பாவைக் கேட்டது. பரணில் பத்திரமாக இருக்கிறது என்றேன். நாடாவைப் பற்றி அதனிடம் மூச்சு விடவில்லை.

நீ சொன்ன கரண்டுக் கம்ப வித்தையால் தெற்கு ரதவீதி முக்கு வரை போய்வந்தேன். அங்கே டீக்கடைக்காரன், “அண்ணாச்சி, ஒரு வருசமா காணலயே, செத்துப் போயிட்டீருன்னுல்லா நெனச்சேன்” என்றான். கையை மட்டும் காட்டினேன்.

தறிக்குப் போகிறாயா என்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

இப்படிக்கு,
ஒரே இழுப்பில் இழுத்த அப்பா

*

பல்லடம்
29.4.2025

அப்பா,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரே இழுப்பில் வந்தது நூல் இல்லை அப்பா. பஞ்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியே வராது. இருமினாலும் வராது. படுத்தால் நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். விடியும்முன் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் முழித்துக்கொள்ளக் கூடாது என்று இருமலை முந்தானையில் பொத்திக்கொள்ள வேண்டும். விடிந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி சோறு வடிக்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம் அப்பா. உங்களுக்கு வேண்டாம்.

நாடாவை உடைத்து அடுப்பில் போடுங்கள். என்மேல் ஆணை.

பொன்மணி

*

சங்கரன்கோவில்
8.5.2025

பொன்மணிக்கு,

நாடாவை அடுப்பில் போட்டுவிட்டேன். அது எரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் மெதுவாக வாசிக்கிறவன். ஒரு சொல்லில் நின்று, அடுத்த சொல்லுக்குப் போவேன். அதனால் எனக்கு ஒன்றும் விட்டுப்போவதில்லை. உன் கடிதத்தில் ஜன்னல் கம்பி என்று இருந்தது. நான் படுக்கிற நடையில் ஜன்னலே கிடையாது. என்னிடம் முந்தானையும் கிடையாது.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் முதலில் இருந்து வாசித்தேன். செருப்பு மாட்டக் குனியாதே என்று இருந்தது. அடுத்த கம்பத்தைப் பார்க்காதே என்று இருந்தது. கேட்டால் கையை மட்டும் காட்டு என்று இருந்தது. இதெல்லாம் எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. மார்ச் மாதக் கடிதம் பாதிக்கு மேல் வேறு பேனாவில் இருக்கிறது. ஒரே மூச்சில் எழுத முடியவில்லையா?

பொங்கலன்றைக்கு நீ அழவில்லை, அப்படித்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தறி நிற்கும். வீடு அமைதியாக இருக்கும். செல்வம் போனில் இருந்து அடிப்பேன். நீ பேச வேண்டாம். நானும் பேசமாட்டேன். போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு விடு. போதும்.

அப்பா

*

சங்கரன்கோவில்
13.5.2025

என் தாயி பொன்மணிக்கு,

நீ போனை எடுக்கமாட்டாய் என்று நினைத்தேன். எடுத்தாய்.

செல்வம் பக்கத்தில் நின்று, “யாருப்பா அது? ஏன் பேசாம வச்சிருக்கே? காசு போகுதுல்லா” என்றான். “சும்மா இருலே” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு இளைத்தது. அது உனக்கும் கேட்டிருக்கும்.

நாலு தறி ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சொல்கிறவன் நான். மூச்சை உள்ளே இழுக்கும்போது உனக்கு ஒரு விசில் கேட்கிறது. விடும்போது பாதியில் அறுந்து மறுபடி தொடங்குகிறது. அது என் விசில், பொன்மணி. எனக்குத் தெரியாதா?

எத்தனை நாளாக? மாப்பிள்ளைக்குத் தெரியுமா? மருந்து எடுக்கிறாயா?

போன புதன்கிழமை ஷிரின் பானு, “பெரிய ஆசை என்ன தாத்தா, இன்னுமா யோசிக்கீங்க?” என்று கேட்டது. கையை மட்டும் காட்டினேன்.

எழுது.

அப்பா

*

பல்லடம்
30.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கோமதி நன்றாக இருக்கிறாள். பாஸாகிவிட்டாள், பதினொன்றாம் வகுப்புப் போகிறாள். அவள் அப்பா நன்றாக இருக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத்தான் இவ்வளவு நாளானது.

இரண்டு வருஷம் ஆகிறது அப்பா. தறிக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கிறேன், அதற்கே இளைக்கிறது. அவருக்குத் தெரியும். தண்ணீர்க்குடம் அவர்தான் தூக்குகிறார், ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன் என்று மட்டும் அவரிடம் சொல்வதில்லை.

நெஞ்சுப் படத்தைப் பார்த்து டாக்டர், “பொகை பிடிக்கிற ஆளுக நெஞ்சு மாதிரி இருக்குதே” என்றார். இனி தேறாது, இப்படியே வைத்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் நீங்கள் அந்த முன்பல் விழுந்த பிள்ளையைத்தான் நினைப்பீர்கள். நினைக்காதீர்கள் அப்பா. பல்லடத்திலும் அதே நாடாதான். இங்கேயும் வாயால்தான் இழுத்தேன்.

உங்கள் ஷிரின் பானு மாதிரி யாராவது என்னிடம் வந்து “என்ன ஆசை” என்று கேட்டால் அடித்துவிடுவேன் போல இருக்கிறது. எனக்கு நாற்பத்தொன்று. ஒரு மாடிப்படியைப் பார்த்துப் பயப்படுகிறேன். உங்களுக்காவது எழுபதில் வந்தது. கோமதி படிப்பு முடிகிறவரை என்று முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு தூரம் நினைப்பதும் இல்லை. அடுத்த கம்பத்தைப் பார்க்கக் கூடாது என்று உங்களுக்கு எழுதினேனே, அது ஆறுதலுக்கு எழுதினது இல்லை. எனக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

இதற்கு நீங்கள் பதில் எழுத முடியாது. எழுதாவிட்டால் வருத்தப்படமாட்டேன்.

உங்கள் மகள்,
பொன்மணி

*

சங்கரன்கோவில்
30.7.2025

என் மகள் பொன்மணிக்கு, பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்ட அப்பா. உயிரோடு இருக்கிறேன். நீயும் இருக்கிறாய். நலம் என்றால் நமக்கு இப்போதைக்கு இதுதான்.

நான் அழவில்லை. அழுதால் இளைக்கும். உன்னை நாடாவுக்கு முன்னால் உட்காரவைத்தது யார் என்று நீ எழுதாமல் விட்டாய். நானும் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

செல்வத்திடம் எல்லாம் சொன்னேன். “அக்காளுக்குமாப்பா?” என்று கேட்டான். பிறகு தறியை எல்லாம் நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான். மறுநாள் நாலு தறிக்கும் நூல் இழுக்கிற கம்பி ஊசி வாங்கிவந்து தொங்கவிட்டான். ஊசியைவிட வாயால் இழுப்பது சீக்கிரம் என்று ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். “வாய வச்சீருன்னா கெளம்பிரும்வே” என்று சத்தம் போடுகிறான். என் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டான். தறிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் தார்ப்பாய் அடித்திருக்கிறான். தூசி முழுக்க நின்றுவிடாது, ஆனாலும் குறைகிறது. அங்கே ஜன்னல் இருக்கிறது. கம்பி, இரண்டு பேர் பிடிக்கிற அகலம் இருக்கிறது.

கொடி ஏறிவிட்டது. ஆடிச்சுற்றுக்கு நேற்றுப் போனேன். என்னைச் சுற்றி எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். சின்னப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய்ச் சுற்றி மறுபடியும் வந்து தாண்டுகிறார்கள். நான் ஒரு கம்பம் பார்த்தேன். சுவரில் சாய்ந்தேன். மறுபடி ஒரு கம்பம். பாதிச் சுற்றில் கால் நின்றுவிட்டது. உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தேன், வரவில்லை. கண் இருட்டியது. ஒரு பொம்பிளை, “பெரியவரே, உங்களுக்காக நான் சுத்திருதேன், நீங்க உக்காருங்க” என்றாள். கையைக் காட்டினேன். வேண்டாம் என்று காட்டினேன்.

அந்த மிச்சப் பாதியை யாருக்கும் கொடுக்கவில்லை. அங்கேயே இருக்கிறது.

இன்று ஷிரின் பானுவிடம் பெரிய ஆசையைச் சொல்லிவிட்டேன். மூச்சுப் பயிற்சிக்கு என் பக்கத்துப் பெஞ்சில் என் மகள் வந்து உட்காரணும் என்றேன். “வரச் சொல்லுங்க தாத்தா, பாத்துக்கிடலாம்” என்றது. தேறும் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னிடம் ஆசை கேட்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன், அடித்துவிடுவாய் என்று.

வா, பொன்மணி. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. திருப்பூரில் ஏறினால் ராஜபாளையம் வழியாக வரலாம். ஜன்னல் சீட்டு பிடி. தபசுக் கூட்டம் நெருக்குவதற்குள் வந்துவிடு. வருகிற புதன்கிழமை அந்தப் பிள்ளையைப் பார்ப்போம். அன்றைக்குச் சாயந்திரம் நான் நின்ற இடத்தில் இருந்து இரண்டு பேரும் நடப்போம். நீ என்னோடு பேச வேண்டாம். மூச்சு முட்டினால் என் தோளைப் பிடிக்காதே, நானும் சேர்ந்து விழுந்துவிடுவேன். சுவரைப் பிடி. நான் நிற்கிறேன். பிறகு நான் பிடிக்கிறேன், நீ நில்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதி நாளைப் போக்காதே. கிளம்பு.

உன் வருகைக்கு வாசலில் நிற்கத் தெம்பில்லாமல் ஜன்னலில் நிற்கும்,
அப்பா